ஏழாம் பிரிவும் சீதனக் காணியும்

மார்ச் 3, செவ்வாய்

விடியற்காலை தொடங்கிய மழை. ஹீட்டர் பாதி வேலை. என் திட்டத்தின் ஏழாம் பிரிவை நாலாவது தடவையாகப் பிரதி எடுத்தேன். விரல் மூட்டுகளில் வலி. கறுப்புப் பேனை முடிந்து நீலத்தில் தொடர்ந்தேன். படிக்கிறவனுக்கு மையின் நிறம் முக்கியமென்றால் அவன் படிக்க வந்தவன் அல்ல.

சனிக்கிழமை இங்குள்ள எங்கள் தமிழ் மன்றத்தின் கூட்டம். கொழும்பிலிருந்து பாராளுமன்றக் குழு ஒன்று இந்த மாதம் லண்டன் வருகிறது. போருக்குப் பின் நாட்டை எப்படி மீளக் கட்டுவது என்று எங்களிடமும் கேட்கிறார்களாம். இத்தனை வருடம் கழித்து. சரி, கேட்கட்டும். மன்றத்திலிருந்து ஒரே ஒரு மகஜர்தான் போகலாம். கையில் இருப்பதோ மூன்று திட்டங்கள்.

1. சிவகரனுடையது. பொருளாதாரம் படித்தவன், வங்கியில் வேலை. துறைமுகம், விமான நிலையம், வரியில்லாத வலயம். எல்லாம் ஆங்கிலத்தில், சுவரில் படம் காட்டுவான்.
2. தலைவர் துரைராசாவுடையது. முதலில் அதிகாரப் பகிர்வு. அதுவரை ஒரு கல்லும் வைக்கக் கூடாது. மொத்தம் மூன்று பக்கம்.
3. என்னுடையது. ஒன்பது பிரிவுகள். நாலு கொப்பி, கையெழுத்தில்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். இங்கே வந்து பெற்றோல் நிலையக் கண்ணாடிக்குப் பின்னால் அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலம் படித்தேன். காணிச் சட்டம் முழுவதும் வால்தம்ஸ்டோ நூலகத்தில். ஒருவனும் சொல்லித்தரவில்லை. எவனுக்கும் நன்றி சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

எல்லோருக்கும் கசப்பது ஏழாம் பிரிவு. இராணுவம் பிடித்து வைத்திருக்கும் காணிகளை விடவேண்டும். அதே சட்டத்தில், வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்து, ஐந்து வருடத்துக்குள் திரும்பிப் போகாத நாங்களும் பூட்டி வைத்திருக்கும் காணிகளை விடவேண்டும். ஊர்க் காணிச் சபை அவற்றைக் காணி இல்லாதவர்களுக்குப் பிரிக்கும். ஆமிக்காரனைப் பார்த்து "விடு" என்று சொல்கிறவன் தன் படலைப் பூட்டுத் திறப்பை லண்டன் மேசை லாச்சிக்குள் வைத்திருக்கலாமா? இதுதான் கேள்வி. இதற்கு இன்றுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. சிரிக்கிறார்கள்.

மத்தியானம் செல்வி போன் எடுத்தாள், என் மனைவி தவத்துக்கு. எங்கள் ஊர்க் காணியில் தகரக் கொட்டில் போட்டு இருப்பவள். வன்னியிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்தவள். புருஷன் காணாமல் போனவர்களில் ஒருவன். எங்கள் வீடு ஷெல் விழுந்து அத்திவாரம் மட்டும்தான் மிச்சம். அரசாங்க வீட்டுத்திட்டத்தில் அவள் பெயர் வந்திருக்கிறதாம். கல்வீடு. ஆனால் காணி உறுதிப் பத்திரம் அவள் பெயரில் இருக்கவேண்டும். மாத முடிவுக்குள் காட்டாவிட்டால் வீடு அடுத்த பெயருக்குப் போய்விடும்.

தவம் போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"பாத்தியே, இதுக்குத்தான் ஏழாம் பிரிவு எண்டு சொல்லுறன்," என்றேன்.

அவள் போனைச் சார்ஜில் போட்டாள்.

மார்ச் 5, வியாழன்

மழை இல்லை, காற்று. 58 பஸ்ஸில் அப்டன் பார்க். வாங்கவேண்டியவை: முருங்கைக்காய், ஒடியல் மா (இல்லை), பாரை மீன், கறுப்புப் பேனை 2.

மீன்கடை வாசலில் துரைராசா. என்னைக் கண்டதும் போனைக் காதில் வைத்தான், பிறகு போனில் ஆள் இல்லாத முகத்தோடு எடுத்தான்.

"அண்ணை, உங்களைத்தான் நினைச்சன். அந்த ஏழாம் பிரிவு..."

"அது இருக்கு."

"இருக்கட்டும், வேண்டாமெண்டு சொல்லேல்லை. கொஞ்சம் பின்னுக்குப் போடுவம். இணைப்பு மாதிரி."

"இணைப்பை ஆர் வாசிக்கிறது?"

"அதுதான் அண்ணை நல்லது," என்றான். சொன்ன பிறகு அவனுக்கே வெட்கம். "விளங்குங்கோவன். சனம் மன்றத்துக்கு வாறதே ஊரிலை ஒரு துண்டு நிலம் இருக்கெண்டுதான். அதையும் குடெண்டால் ஆர் வருவினம்? கதிரையள்தான் இருக்கும்."

"ஆமியிட்டை காணி கேட்டு மகஜர் எழுதேக்கை மட்டும் கதிரை நிரம்புது."

"அது வேறை."

"எப்பிடி வேறை? சொல்லு."

மீன்காரர் பாரையை வெட்டவா முழுதாகவா என்று கேட்டார். துரைராசா அந்த இடைவெளியில் போய்விட்டான். நல்ல மனிதன்தான். ஒரு கேள்விக்கு முன்னால் நிற்க மாட்டான்.

வரும்போது பஸ்ஸின் மேல் தட்டில் இரண்டு பெண்கள். "அம்மாவின்ரை வீட்டைத் திறந்து பாத்தனான், உள்ளை ஆலமரம் நிக்குது." "ஐயோ! வெட்டினியே?" "வெட்ட ஆள் வேணுமே. பூட்டிப்போட்டு வந்திட்டன்." குறித்துக்கொண்டேன். முன்னுரையில் சேர்க்கலாம்.

மார்ச் 7, சனி

இதை ஆறுதலாக எழுதவேண்டும்.  

மண்டபம், தேவாலயத்தின் பின்பக்கம். பின்னேரம் மூன்று மணி. அறுபது கதிரை போட்டார்கள், நிரம்பியது. பின்பக்கம் மேசையில் தேத்தண்ணி, வடை. தவமும் இரண்டு பெண்களும் அங்கே.

சிவகரனுக்கு அரை மணி நேரம். துரைராசாவுக்குத் தலைவர் என்பதால் நேரக் கணக்கு இல்லை. எனக்குப் பத்து நிமிடம். அதிலும் மைக் இரண்டு நிமிடம் வேலை செய்யவில்லை. மைக் இல்லாமலே வாசித்தேன். சங்கக்கடைக் குரல், இன்னும் இருக்கிறது.

ஏழாம் பிரிவு வந்ததும் சலசலப்பு. சிவகரன் எழுந்தான். மரியாதையாகத்தான்.

"அங்கிள், நல்ல எண்ணம். ஆனா இன்வெஸ்ட் பண்ண வாறவைக்கு முதல் கேள்வி, என்ரை சொத்து பாதுகாப்போ எண்டுதான். நீங்கள் அந்தச் சொத்தையே பறிக்கிறீங்கள்."

"பறிக்கேல்லை தம்பி. பூட்டினதைத் திறக்கச் சொல்லுறன்."

"அந்தக் காணியளை ஒண்டாச் சேத்து ஹோட்டல், கெஸ்ட் ஹவுஸ் கட்டினால் அங்கை இருக்கிறவைக்கும் வேலை வரும்."

"காணி இல்லாதவன் உன்ரை ஹோட்டலிலை கோப்பை கழுவவேணும். அதோ மீள்கட்டுமானம்?"

சிலர் கைதட்டினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

தோர்ண்டன் ஹீத்திலிருந்து வந்த பலசரக்குக் கடைக்காரர் ஒருவர், முன்வரிசை, கால்மேல் கால். "நடேசண்ணை, ஊரான் காணியைப் பிரிக்கிறதிலை நீங்கள் விண்ணன்தான். உங்கடையைக் குடுத்திட்டீங்களோ?"

சிரிப்பு. அறுபது பேரின் சிரிப்பு.

"குடுக்கிறன்," என்றேன். "ஒரு வெள்ளைத் தாள் தாருங்கோ. என்ரை காணியை இப்பவே, இந்தச் சபைக்கு முன்னாலை எழுதித் தாறன். முதல் காணி என்ரை காணி."

சிரிப்பு நின்றது.  துரைராசா உண்மையாகவே தாள் தேடினான்.

அப்போது பின்னாலிருந்து, வடைத் தட்டோடு:

"ஆரின்ரை காணியை?"

தவம். சத்தமாகக்கூட இல்லை.

"இஞ்சேரப்பா, ஆரின்ரை காணியை எழுதப் போறியள்? அது என்ரை சீதனம்."

பிறகு வந்த சிரிப்பை எழுத மாட்டேன். கடைக்காரர் கதிரையிலிருந்து எழுந்து நின்று சிரித்தார். பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள். சிவகரன் சிரிக்கவில்லை, அதுதான் பெரிய அவமானம். தலையைக் குனிந்துகொண்டான்.

துரைராசா: "சரி சரி, வீட்டுப் பிரச்சினையை வீட்டிலை பாப்பம்." வாக்கெடுப்பு. ஏழாம் பிரிவு நீக்கம். என் பக்கம் கை தூக்கியவர்கள் நான் உட்பட ஐந்து பேர். தவம் கை தூக்கினாளா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

வரும்போது பஸ்ஸில் இரண்டு வேறு சீற்.

மார்ச் 8, ஞாயிறு

வெயில். யாருக்கு வேண்டும்.

காலை: அவள் தோசை சுட்டாள். நான் பாண் தின்றேன்.

சட்டம் எனக்குத் தெரியாததா? யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி பெண்ணுக்குக் கொடுத்த சீதனம் பெண்ணுடையது. கட்டியவனுக்கு அதில் ஒரு பிடி மண்கூட இல்லை. அவள் விற்கவோ கொடுக்கவோ புருஷனின் எழுத்துச் சம்மதம் வேண்டும், அவ்வளவே. இதை மற்றவர்களுக்கு நானே எத்தனை தடவை விளங்கப்படுத்தியிருக்கிறேன். ஆனால் நாற்பத்தேழு வருடம் "எங்கடை காணி" என்று சொல்லிப் பழகிய வாய். "எங்கடை" எப்போது "என்ரை" ஆனது? கிணறு நான் வெட்டியது. மதில் நான் கட்டியது. தென்னை பதினொன்று என் கையால் வைத்தது.

அதற்காக அறுபது பேருக்கு முன்னாலா?

மத்தியானம் கேட்டேன். "வீட்டிலை சொல்லியிருக்கலாம்."

"வீட்டிலை ஆறு வருசமாச் சொல்லுறன்," என்றாள்.

உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் பேணி கொண்டுவந்தாள். அவள் தகப்பன் எழுதிய சீதன உறுதி. அதற்குக் கீழே புதிதாகத் தட்டச்சிட்ட நன்கொடை உறுதி வரைவு, உறுதி எழுதும் யாழ்ப்பாணத்து நொத்தாரிசு அனுப்பியது. கொடுப்பவர்: தவமணி. பெறுபவர்: செல்வி. சம்மதம்: இடம் வெறுமை.

ஆறு வருடத்துக்கு முன்பு இதைத்தான் கேட்டாள். நான் மறுத்தேன். மறுத்ததற்குக் காரணம் இருந்தது, இன்றும் இருக்கிறது. இதில் எழுதி வைக்கிறேன்: தனி ஆள் கொடுத்தால் தருமம். வாங்குகிறவள் காலம் முழுக்கக் குனிந்து நிற்கவேண்டும். சட்டம் கொடுத்தால் உரிமை. நிமிர்ந்து வாங்குவாள். ஒரு செல்விக்குக் கொடுத்துவிட்டு மனம் ஆறிப்போனால் மற்றச் செல்விகள்? நான் நாட்டைப் பற்றிப் பேசினேன், இவள் ஒரு கொட்டிலைப் பற்றி.

அதை அப்படியே சொன்னேன்.

"அவளுக்கு மழைக்கு ஒழுகுது," என்றாள். "உரிமையோ தருமமோ, தகரத்துக்குத் தெரியாது."

பிறகு கொப்பியைத் திறந்தாள். மூன்றாவது கொப்பி. அவள் அதை இதுவரை தொட்டதில்லை என்று நினைத்திருந்தேன். நேராக ஏழாம் பிரிவுக்குப் போனாள்.

"'குடும்பத் தலைவர் காணியை ஒப்படைக்க வேண்டும்.' ஆர் இந்தத் தலைவர்?"

"பொதுவான சொல்லு."

"எங்கடை ஊரிலை பாதிக் காணி பொம்பிளையளின்ரை சீதனம். உதிலை பொம்பிளை எண்ட சொல்லே இல்லை. எங்களிட்டைக் கேக்காமல் எங்கடை காணியைப் பிரிச்சுக் குடுக்கிறியள். ஆமியும் கேக்கேல்லை, நீங்களும் கேக்கேல்லை."

நாலு கொப்பியையும் பின்னேரம் முழுக்கத் தேடினேன். பெண்கள் என்ற சொல் ஓரிடத்தில் இருக்கிறது. ஐந்தாம் பிரிவு, விதவைகளுக்கான உதவி. வேறெங்கும் இல்லை.

மார்ச் 10, செவ்வாய்

தூறல். டாக்டரிடம் இரத்த அழுத்தம்: கூடுதல். உப்பைக் குறைக்கட்டாம்.

துரைராசா மகஜர் வரைவை ஈமெயிலில் அனுப்பியிருக்கிறான். சிவகரனின் துறைமுகம் முதல் பக்கம். அதிகாரப் பகிர்வு இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம் என் ஒன்பது பிரிவில் ஆறு, சுருக்கி, கூர் எல்லாம் மழுக்கி. "இராணுவம் பொதுமக்களின் காணிகளை உடனடியாக விடுவிக்க வேண்டும்" என்பது பெரிய எழுத்தில். நாங்கள் விடுவது பற்றி ஒரு வரி இல்லை. கீழே என் பெயர், புள்ளிக்கோடு. ஒப்பம் வைக்கட்டாம்.

அடிக்கடி செய்வது போல மகள் வாணி ஹரோவிலிருந்து போன் எடுத்தாள். தாய் சொல்லியிருக்கிறாள்.

"அப்பா, அம்மாக்கு அது வேணும். நீங்கள் சைன் பண்ணினால் முடிஞ்சுது. வை இஸ் இற் சோ ஹார்ட்?"

"உனக்கு அந்தக் காணி வேண்டாமோ?"

"எனக்கு அந்த ஊரிலை பஸ் எங்கை நிக்கும் எண்டே தெரியாது அப்பா."

இதுவும் ஒரு பதில். முன்னுரைக்கு ஆகாது.

எனக்கு இரண்டு தடை. எழுதினால் தெளியும்.
(அ) கொள்கை. மேலே எழுதியாயிற்று.
(ஆ) சம்மதத்தை இலங்கை எம்பசியில் போய் அலுவலர் முன்னால் ஒப்பமிட வேண்டும். அகதியாக இறங்கிய நாளிலிருந்து அந்த வாசலை மிதிக்கவில்லை. பாஸ்போட்டுக்கும் போகவில்லை, அம்மா செத்தபோது பயணப் பத்திரத்துக்கும் போகவில்லை. ஊரில் தம்பிதான் கொள்ளி வைத்தான். அப்போதே போகாதவன் இப்போது போனால், அப்போது போகாமல் விட்டது எதற்கு?

(ஆ) தான் உண்மையான தடையோ? தெரியவில்லை.

மார்ச் 12, வியாழன்

காற்று, குப்பைத் தொட்டி வீதியில் உருண்டது.

தவத்திடம், ஒப்பமிடத் தயார் என்றேன், ஒரு நிபந்தனையோடு. நிபந்தனை என்ற சொல்லுக்கே அவள் கரண்டியை வைத்துவிட்டாள். சம்மதப் பத்திரத்தில் ஒரு வசனம் சேர்க்கவேண்டும்: "இக்கொடை, காணியற்றோரின் உரிமையை ஏற்று, தருமமாக அன்றி, அளிக்கப்படுகிறது."

"வேண்டாம்."

"ஒரு வசனம் தவம்."

"உங்கடை வியாக்கியானம் ஒண்டும் வேண்டாம். அவள் நாளைக்கு வங்கியிலை உறுதியைக் காட்டேக்கை அங்கை இருக்கிறவன் உந்த வசனத்தை வாசிச்சு, 'என்னம்மா உது, ஆர் இந்த ஆள்' எண்டு கேப்பான். குடுக்கிறதெண்டால் வாயை மூடிக்கொண்டு குடுக்கவேணும்."

"நான் ஏன் குடுக்கிறன் எண்டு ஆருக்கும் தெரியவேண்டாமோ?"

"நீங்கள் குடுக்கேல்லை. நான் குடுக்கிறன். நீங்கள் மறிக்காமல் நிக்கிறியள். அவ்வளவுதான்."

கதவை அடித்துச் சாத்தினேன். பிறகு வெளியிலேயே நிற்கவேண்டி வந்தது, திறப்போடு ஜக்கெற் உள்ளே. பத்து நிமிடம் நின்று பெல் அடித்தேன். திறந்தாள். சிரிக்கவில்லை, அதற்காவது நன்றி.

இன்னொன்றும் சொன்னாள், சோற்றுக்கு இருக்கும்போது, என்னைப் பார்க்காமல்: புருஷன் காரணமில்லாமல் சம்மதம் தர மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாமாம். நொத்தாரிசு சொன்னாராம்.

எனக்குத் தெரியும். அந்தச் சட்டத்தை அவளுக்கு முதலில் வாசித்துக் காட்டியவன் நான்.

மார்ச் 16, திங்கள்

வெயிலும் மேகமும். சென்ட்ரல் லைன் ரியூப் ரெயின். எம்பசியில் பத்து மணிக்கு அப்பொயின்ட்மென்ற்.

இரவு நித்திரை இல்லை. போவேன் என்று நான் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. ஏழரைக்கு அவள் சாறி உடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்கியபோது நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வாசலில் சிங்கக்கொடி. நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தவம் முன்னால் போய்விட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை. கூப்பிட்டிருந்தால் நான் திரும்பி ரியூப்புக்குப் போயிருப்பேன். இதை அவள் அறிவாள். அதனால்தான் கூப்பிடவில்லை.

உள்ளே சாதாரணமான அறை. எங்கள் கவுன்சில் ஒபிஸைப் போலவே. இலக்கத் துண்டு. பிளாஸ்டிக் கதிரை. பிறப்புப் பத்திரத்தோடு தமிழ்ச் சனம், சிங்களச் சனம், கலந்து. ஒரு குழந்தை எல்லோருடைய சப்பாத்தையும் தொட்டுக்கொண்டு போனது. நான் இத்தனை வருடம் எதை மனதில் கட்டி வைத்திருந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை. இவ்வளவு சின்ன அறையை அல்ல.

அலுவலர் இளம் பெண். சிங்களப் பிள்ளை, பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ். தவத்திடம்: "காணி உங்களுடையதா அம்மா?"

"ஓம். என்ரை."

அற்றோனிப் பத்திரத்தில் தமிழில் ஒப்பமிட்டாள். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக. த, வ, ம, ணி. வீட்டுக் கடிதங்களுக்கெல்லாம் நானே ஒப்பமிடுவேன். இவள் கையெழுத்தைக் கடைசியாக எப்போது பார்த்தேன்?

பிறகு என் பக்கம். "ஐயா, நீங்கள் சம்மதமா? உங்கள் விருப்பத்தோடா? ஒருவரும் வற்புறுத்தவில்லையே?"

நான் ஆயத்தமாக இருந்தேன். சட்டைப் பையில் அந்த வசனம், துண்டில் எழுதியது. "பிள்ளை, சம்மதம் எண்டால், அதுக்கு ஒரு காரணம் இருக்கு. போர் முடிஞ்ச ஒரு நாட்டிலை..."

"ஐயா," என்றாள், கோபமில்லாமல், "இங்கே ஓம் அல்லது இல்லை மட்டும்தான்."

பின்னால் வரிசை. தவம் கைப்பையின் சிப்பைப் பூட்டித் திறந்து பூட்டினாள்.

நாலு கொப்பி. ஒன்பது பிரிவு. எத்தனை வருட நூலகம்.

"ஓம்," என்றேன்.

முத்திரை. அடுத்த இலக்கம்.

வெளியே வந்து ஹைட் பார்க் பக்கம் நடந்தோம். அவள் பையிலிருந்து வடை எடுத்தாள். மன்றக் கூட்டத்துக்குச் சுட்டதில் மிச்சம், பிரீசரில் வைத்ததாம். சூடில்லை. சாப்பிட்டேன்.

மார்ச் 21, சனி

குளிர் திரும்பிவிட்டது.

பத்திரம் கூரியரில் போய்விட்டது. தவத்தின் ஒன்றுவிட்ட தம்பி பரமு அவள் சார்பில் அற்றோனியாக நின்று உறுதியில் ஒப்பமிடுவான். மாத முடிவுக்கு முன் பதிவாகிவிடும் என்கிறான்.

துரைராசா மூன்று தடவை போன் அடித்தான். மகஜர் திங்கட்கிழமை குழுவிடம் போகிறது. என் ஒப்பம் மட்டும் இல்லை. நாலாவது தடவை அடித்தபோது எடுத்தேன்.

"வைக்கமாட்டன்."

"அண்ணை, எல்லாரும் வைச்சிட்டினம். நீங்கள் ஒருத்தர் இல்லாட்டிப் பிரிவினை எண்டு நினைப்பினம்."

"பிரிவினைதான்."

மூச்சு விட்டான். பிறகு குரலை மாற்றி: "ஒரு கதை கேள்விப்பட்டன். அக்கா காணியை எழுதிக் குடுத்திட்டாவாமே? அதை நீங்கள் கூட்டத்திலை வந்து சொன்னால், முன்மாதிரி எண்டு ஏழாம் பிரிவைத் திரும்ப எடுக்கலாம். சிவகரனும் ஓமெண்டுறான்."

இதற்காகத்தான் நான் இத்தனை காலம் காத்திருந்தேன். அந்தக் கடைக்காரரின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். தவம் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அது அவவின்ரை காணி," என்றேன். "அவவிட்டைக் கேள்."

போனை நீட்டினேன். தவம் தலையை ஆட்டினாள், இல்லையென்று. கத்தி திரும்பவும் தொடங்கியது.

"மாட்டாவாம்," என்று வைத்துவிட்டேன்.

என் கொப்பிகளின் பிரதியைத் தனியாகத் தபாலில் குழுவுக்கு அனுப்பினேன். ஒன்பது பிரிவும், முழுதாக. ஏழாம் பிரிவில் "குடும்பத் தலைவர்" வெட்டி "உரித்துடையவர், பெண்ணாயினும் ஆணாயினும், அவரைக் கேட்டு" என்று போட்டேன். நீலமா கறுப்பா என்று பார்க்கவில்லை. அவர்கள் திறந்தும் பார்க்க மாட்டார்கள். தெரியும். போய்ச் சேரவேண்டும், அதுதான்.

மே 4, திங்கள்

வங்கி விடுமுறை. நல்ல வெயில். பக்கத்து வீட்டில் புல் வெட்டும் மெஷின்.

உறுதி பதிவாகி, முதல் கட்டப் பணமும் வந்து, செல்வி வேலை தொடங்கிவிட்டாள். காலையில் வீடியோக் கோல் எடுத்தாள். தவம் போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்தாள். எங்கள் பழைய அத்திவாரத்தை உடைத்து அந்தக் கல்லையே பாவிக்கிறார்களாம். தென்னை எட்டு நிற்கிறது. கிணற்றைக் காட்டினாள்.

கிணற்றைச் சுற்றி வேலி. புதுத் தகரம். படலையில் பூட்டு.

"இதென்ன?" என்றேன். அந்தக் கிணற்றில் எத்தனையோ வருடமாகப் பின்வளவுக் குடும்பங்கள் மூன்று தண்ணீர் அள்ளுகின்றன. ஒன்பதாம் பிரிவு: கிணறுகள் பொது.

"அடைச்சிட்டன் ஐயா."

"அவை தண்ணிக்கு எங்கை போறது? அது பொதுக் கிணறு."

"இவ்வளவு நாளும் பொதுதான் ஐயா. எந்த நேரமும் ஆரும் வருவினம், போவினம். ஆம்பிளையள் முழுகுவினம். குமர்ப்பிள்ளையை வைச்சுக்கொண்டு நான் வாய் திறக்கேல்லை. திறந்தால், நீ ஆர், உன்ரை காணியோ எண்டு கேப்பினம்." கொஞ்சம் நின்று, "இப்ப கேக்கட்டும்," என்றாள்.

குனியவில்லை. தருமம் வாங்கினவள் குரல் இல்லை அது.

"அப்ப அந்த மூண்டு குடும்பமும்?"

"அதைப் பாப்பம் ஐயா," என்று வைத்துவிட்டாள்.

தவத்திடம்: "கிணறு நான் வெட்டினது."

"ஓம். காணி அவளின்ரை."

பத்து மணியிலிருந்து ஒன்பதாம் பிரிவோடு இருக்கிறேன். "கிணறுகள் அனைத்தும் பொது." வெட்டினேன். "கிணறுகள், உரித்துடையவரின் இணக்கத்தோடு, பொது." அதற்கு என்ன அர்த்தம்? பூட்டி வைக்கலாம் என்று அர்த்தம். வெட்டினேன். "குறித்த நேரங்களில்." எந்த நேரம்? ஆர் குறிப்பது? காணிச் சபையா? சபையில் யார் இருப்பார்கள், முழுகுகிற ஆம்பிளைகளா? வெட்டினேன்.

தவத்திடம் கேட்டேன், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை விடலாம் என்று.

"எனக்கென்ன தெரியும். அவளிட்டைக் கேளுங்கோ."

செல்விக்கு நான் இதுவரை ஒருநாளும் போன் எடுத்ததில்லை. நம்பரைத் தவம்தான் அழுத்தித் தந்தாள். மகள்காரி எடுத்தாள். லொறியில் மணல் இறங்குகிறதாம், அம்மா கணக்குப் பார்த்துக்கொண்டு நிற்கிறாவாம். என்னைப் பிறகு போன் எடுக்கட்டாம்.